நட்சத்திரம் எப்போது ஏற வேண்டும், பழம் எப்போது ஊற வேண்டும்?

சேலம் சூரமங்கலம் பக்கம் புதுக்குடித்தனம் வந்திருக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: “இந்த வருஷம் முதல் தடவையாக எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ். மாமனார், மாமியார், நாத்தனார் குடும்பம், என் அம்மா அப்பா எல்லாரும் வருகிறார்கள். எதிர்வீட்டில் போன வருஷம் நவம்பர் பாதியிலேயே ஸ்டார் போட்டுவிட்டார்கள். என் மாமனாரோ, ‘திருவருகைக் காலம் தவக்காலம் மாதிரி, 24ஆம் தேதி சாயந்திரம் போட்டால் போதும்’ என்கிறார். எப்போது ஆரம்பிப்பது, எதிலிருந்து ஆரம்பிப்பது?”

எதிர்வீட்டையும் விடுங்கள், மாமனாரையும் கொஞ்ச நேரம் விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத வேலைகளை ஐப்பசியிலேயே தொடங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் வேலைகளைத் திருவருகைக் காலத்தின் (கிறிஸ்மஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகள் அடங்கிய காலம்) முதல் ஞாயிறுக்கு முன்னால் தொடாதீர்கள். முக்கால்வாசி வீடுகளில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. ஸ்டாரும் சீரியல் லைட்டும் நவம்பரிலேயே ஏறிவிடும். தையல், ரயில் டிக்கெட், பழம் ஊறப்போடுவது எல்லாம் டிசம்பர் 15க்கு மேல்தான் ஞாபகம் வரும். அப்புறம் 23ஆம் தேதி ராத்திரி ஆளாளுக்கு எரிச்சல்.

எனக்குப் பிறந்த வீடு ஏற்காட்டில், ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பம். வாழ்க்கைப்பட்டது சேலத்தில், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீடு. மலைமேல் ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு. கோயிலில் ஒரு வழக்கம், சபையில் ஒரு வழக்கம். இரண்டு பக்கத்திலும் அடுப்படியில் நின்றவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த முதல் ஞாயிறு எது என்று தெரிய வேண்டும். காலண்டர் கையில் இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். புனித அந்திரேயா திருநாளான நவம்பர் 30க்கு எந்த ஞாயிறு பக்கமோ அதுதான். நவம்பர் 27க்கு முன்னால் வராது, டிசம்பர் 3க்குப் பின்னாலும் போகாது. 2025இல் நவம்பர் 30, 2026இல் நவம்பர் 29. கிறிஸ்மஸ் திங்கட்கிழமை வரும் வருஷம் மட்டும் கவனம்: நான்காம் ஞாயிறே 24ஆம் தேதியாகிவிடும், 2023இல் வந்த மாதிரி. அந்த வருஷங்களில் ஒரு வாரம் கையை விட்டுப் போய்விடும்.

உங்கள் மாமனார் சொல்வதில் பாதி சரி. திருவருகைக் காலத்தில் சாமியார் ஊதா உடைதான் போடுவார், ஞாயிறு பூசையிலும் ‘உன்னதங்களிலே’ பாட மாட்டார்கள், பீடத்தில் பூவைக் கூடக் குறைத்துத்தான் வைப்பார்கள். ஆனால் அது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் இல்லை. கட்டாய நோன்பும் இல்லை. காத்திருக்கும் காலம் அது. 17ஆம் தேதி வந்துவிட்டால் பூசை வாசகங்களே நேராகப் பிறப்பை நோக்கித் திரும்பிவிடும். அதனால் ஒரேயடியாக 24ஆம் தேதி சாயந்திரம் வரைக்கும் வீட்டை மொட்டையாக வைத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதே சமயம் நவம்பர் பாதியிலேயே மின்ன ஆரம்பித்த வீட்டில், கிறிஸ்மஸ் அன்று புதிதாகப் பார்க்க எதுவும் இருக்காது என்பதையும் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் ஒரு வாரத்தில் ஸ்டாரைக் கவனிப்பதையே விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு ஒரு நல்ல வழியை ஜெர்மனிக்காரர் ஒருவர் கண்டுபிடித்தார். 1839இல் ஹாம்பர்க் நகரத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய போதகர் வீச்சர்ன், ‘கிறிஸ்மஸ் எப்போது, எப்போது’ என்று தினமும் கேட்டுத் துளைத்த பிள்ளைகளுக்காக ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்தார். ஞாயிறுகளுக்கு நான்கு பெரியது, வாரநாட்களுக்குச் சின்னது. நாளுக்கு ஒன்றாக ஏற்றினார்கள். இன்றைக்குக் கோயில்களில் பார்க்கும் நான்கு மெழுகுவர்த்தி வளையம் அதிலிருந்து வந்ததுதான். மூன்று ஊதா, ஒன்று ரோஸ். ரோஸ் மூன்றாம் ஞாயிறுக்கு. வீட்டுக்கு இதைவிட மலிவான அலங்காரம் கிடையாது. மலையில் சைப்ரஸ் கொப்பு கிடைக்கும், சேலத்தில் பூக்கடையில் ஆஸ்பரகஸ் தழை வாங்கி ஒரு தாம்பாளத்தைச் சுற்றி வைத்தால் போதும். முதல் ஞாயிறன்று உங்கள் வீட்டில் இதுவும் வாசலில் ஸ்டாரும் போதும். மாமனாருக்கும் சங்கடம் இருக்காது. முதல் மெழுகுவர்த்தியை அவரையே ஏற்றச் சொல்லுங்கள்.

ஸ்டாரை மட்டும் ஏன் அவ்வளவு சீக்கிரம் என்றால், அது அழகுக்காக மட்டும் இல்லை. டிசம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து வீடு வீடாகப் பாட்டுப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் வருவார்கள். ராத்திரி பத்து, பதினோரு மணிக்கு, தெரு விளக்கு எரியாத சந்தில், உங்கள் வீட்டை அவர்கள் ஸ்டாரை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். புதுக்குடித்தனம் வேறு. பங்கில் (உங்கள் பகுதிக் கோயிலில்) இன்னும் பெயர் கொடுக்கவில்லை என்றால் இப்போதே கொடுத்துவிடுங்கள். எந்தத் தேதியில் உங்கள் தெரு என்று அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவில்) கேட்டு வையுங்கள். அன்றைக்குச் சுக்குக் காப்பியும் ஒரு தட்டு முறுக்கும் இருந்தால் போதும். கேக் வெட்டித்தான் ஆக வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் கேரல் வருவதற்குள் கேக் செய்ய அவசரப்படுகிறார்கள்.

இனி, கண்ணுக்குத் தெரியாத வேலைகள். சென்னையிலிருந்து யாராவது வருகிறார்களா? ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. 24ஆம் தேதி பயணத்துக்கு அக்டோபர் 25. ஏற்காடு எக்ஸ்பிரஸ் மாதிரி ராத்திரி வண்டிகள் அன்றைக்கே நிரம்பிவிடும். நாத்தனாரிடம் ‘வர்றீங்களா, எத்தனை பேர், எத்தனை நாள்’ என்று நவம்பரில் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பாய், தலையணை, போர்வைக் கணக்கு அதில்தான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் இருந்தால், அரையாண்டுத் தேர்வு பெரும்பாலும் 23ஆம் தேதி வரைக்கும் இழுக்கும். அதனால் ‘பிள்ளைகளோடு சேர்ந்து குடில் கட்டலாம்’ என்பதை 22ஆம் தேதிக்கு வைக்காதீர்கள். தேர்வு தொடங்குவதற்கு முந்தின ஞாயிறில் வையுங்கள்.

துணி: தீபாவளி முடிந்த மறுவாரம் கடைக்குப் போங்கள். கூட்டம் இருக்காது, எடுத்துப் போடுகிறவருக்கும் பொறுமை இருக்கும். முதல் அக்ரஹாரத்தில் சாவகாசமாக நடந்து பார்க்க வருஷத்தில் அதுபோல வேறு நேரம் இல்லை. தையற்காரரிடம் நவம்பர் கடைசிக்குள் கொடுத்துவிட வேண்டும். டிசம்பர் 10க்கு மேல் ‘பார்க்கலாம்மா’ என்பார்கள். அந்தப் ‘பார்க்கலாம்’ உங்களுக்கே தெரியும். பெயின்ட் அடிக்க நினைத்தால் தயவுசெய்து கார்த்திகை மழையில் வேண்டாம். முன்பக்கச் சுவரை மட்டும் ஒரு வெயில் நாள் பார்த்து அடித்துக்கொள்ளலாம். ஏற்காட்டில் அதுவும் முடியாது, டிசம்பரில் சுவரே ஈரமாக இருக்கும்.

கேக் விஷயத்துக்கு வருவோம், உங்களைப் போன்றவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். தீபாவளி கழித்து லீ பஜாருக்குப் போய் முந்திரி, கருப்பு திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டி, செர்ரி வாங்கிவிடுங்கள். ஒன்றே கால் கிலோ, ஒன்றரைக் கிலோ வரும் கேக்குக்குக் கால் கிலோ மைதா, கால் கிலோ வெண்ணெய், கால் கிலோ சர்க்கரை, 5 முட்டை, பழமும் பருப்பும் சேர்த்து 400 கிராம் என்பது கைக்கணக்கு. ரம்மில் ஊறப்போடுவதானால் நவம்பர் முதல் வாரத்தில் போடலாம். குறைந்தது மூன்று வாரம் ஊறட்டும். கண்ணாடி ஜாடியாக இருக்க வேண்டும், கரண்டி ஈரமில்லாமல் இருக்க வேண்டும், பழம் எப்போதும் மூழ்கியிருக்க வேண்டும். வாரம் ஒரு தடவை ஜாடியைக் குலுக்கிவிட்டால் போதும், திறந்து திறந்து பார்க்காதீர்கள். இந்தக் கேக்கை டிசம்பர் 10ஐ ஒட்டிச் சுட்டு, பட்டர் பேப்பரில் சுற்றி டப்பாவில் வைத்தால் 25ஆம் தேதிதான் அதன் ருசியே வரும்.

மாமனார் வீட்டில் ரம் வாசனையே ஆகாது என்றால் ஆரஞ்சுச் சாறு. மலை ஆரஞ்சு கிடைத்தால் இன்னும் நல்லது, தோலையும் துருவிப் போடலாம். ஆனால் இங்கே கணக்கு மாறும். சாற்றில் பழத்தைப் போட்டு மெல்லிய தீயில் சாறு வற்றும்வரை வைத்து, ஆறவிட்டு, ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். நவம்பரிலேயே சாற்றில் ஊறப்போட்டால் நுரைத்துப் புளித்துவிடும். அதனால் இந்தக் கேக்குக்கு வேலை 17, 18ஆம் தேதியில்தான் ஆரம்பம், சுடுவது 21க்கு. கேக்கின் நிறத்துக்காகச் சர்க்கரையைக் கருக்கும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. அது செம்பு நிறம் தாண்டி, காப்பி டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்து லேசாகப் புகை விடும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு, சுடுதண்ணீரைத் தள்ளி நின்று ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சீறிக் கையில் தெறிக்கும். பிள்ளைகள் அடுப்படியில் இருக்கக் கூடாத ஐந்து நிமிஷம் அது. வீட்டில் ஓவன் இல்லையென்றால் மாவைக் கரைத்து பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்கலாம். 20ஆம் தேதிக்கு மேல் அவர்களுக்கே அடுப்பில் இடம் இருக்காது என்பதால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

வீட்டில் திராட்சை வைன் போடுவது பற்றியும் யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937இல் வந்தது, உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பதை அது ஏற்பதில்லை. பன்னீர் திராட்சையைக் காய்ச்சிச் சாறாகக் கொடுங்கள், பிள்ளைகளும் குடிக்கலாம்.

மலைமேல் கிறிஸ்மஸ் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரி சுற்றிலேயே கொதித்துவிடும். அதனால் கறியைத் திறந்த சட்டியில் வேகவைக்க நேரம் பிடிக்கும், குக்கரில் வைத்தால் பிரச்சினை இல்லை. கேக் சீக்கிரம் பொங்கி நடுவில் அமுங்கும். பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். கீழே சேலத்தில் வந்த அதே அளவு மேலே வரவில்லையே என்று என் நாத்தனார் கேட்டதற்கு எங்கள் அம்மா சொன்ன காரணம், ‘மலைக்காத்து’. காரணம் காற்றழுத்தம்தான், ஆக அம்மா சொன்னதும் பெரிய தப்பில்லை. இன்னொன்று, டிசம்பர் சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் நேரம். எஸ்டேட் குடும்பங்களில் பகலில் யாருக்கும் கை ஓயாது. எங்கள் வீட்டில் குடில் வேலையெல்லாம் விளக்கு வைத்த பிறகுதான் நடந்தது.

அப்புறம் மழை. வாசல் அலங்காரத்தை முன்கூட்டிப் போடாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் கோயில் காரணம் பாதி, மழைக் காரணம் பாதி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் முதல் பாதியில் எப்போது கை வைக்கும் என்று சொல்ல முடியாது. காகித ஸ்டார் சேலத்தில் ஒரு சாரலைத் தாங்கும், ஏற்காட்டு மூடுபனியைத் தாங்காது. முன்பெல்லாம் உள்ளே 25 வாட் குண்டு பல்பு எரிந்ததால் அந்தச் சூட்டில் காகிதம் காய்ந்துகொண்டே இருக்கும். இப்போது எல்.இ.டி. போடுகிறோம், கரண்டுக்கு நல்லது, தீப்பிடிக்கும் பயமும் குறைவு, ஆனால் காகிதம் நமுத்துத் தொங்கிவிடுகிறது. மலையில் பிளாஸ்டிக் ஸ்டாரே போடுங்கள். கீழே காகிதம் போடுவதானால் கூரை நிழலுக்குள் தொங்கவிடுங்கள். சீரியல் லைட்டைக் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள். வெளியே இழுக்கும் வயரில் ஒட்டுப் போட்ட இடம் எதுவும் மழை படும் பக்கம் இருக்கக் கூடாது, அந்த லைன் டிரிப்பர் (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் கருவி) வழியாகப் போகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஈரச் சுவரும் இரும்பு கிரில்லும் இருக்கும் வீட்டில் இதில் விளையாட்டு வேண்டாம்.

குடில் என்றால் எனக்குப் பேசி முடியாது. அசிசியின் பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோ என்ற மலைக்கிராமத்தில் வைக்கோல் போட்ட தீவனத் தொட்டியும், உயிருள்ள மாடும் கழுதையுமாக வைத்ததிலிருந்து இந்தப் பழக்கம் பரவியது. பளிங்கும் ஜிகினாவும் அதில் இல்லை. அதனால் பெரிதாகச் செலவு செய்யாதீர்கள். காக்கித் தாளைக் கசக்கி, அடுப்புக்கரியும் பச்சையும் கலந்து பூசினால் பாறை. வைக்கோல் வேண்டும். முக்கியமாகப் புல் வேண்டும், அது கடையில் வாங்குவதில்லை, விதைப்பது.

கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவையுங்கள். ஓட்டை போட்ட பழைய தட்டில் இரண்டு விரல் உயரம் சலித்த மண், அதன்மேல் கேழ்வரகை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லியதாகக் கொஞ்சம் மண். ஈரச் சாக்கால் மூடி இரண்டு நாள் இருட்டில் வையுங்கள். மூன்றாம் நாள் சாக்கைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளை ஊசி மாதிரி முளை நிற்கும். அப்போதே வெளிச்சத்துக்கு எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெளுத்து நீண்டு படுத்துவிடும். தண்ணீரை ஊற்றாதீர்கள், கையில் தெளியுங்கள். சேலத்தில் எட்டுப் பத்து நாளில் விரல் நீளம் வந்துவிடும், அதனால் 12, 13ஆம் தேதி விதைத்தால் சரியாக இருக்கும். ஏற்காட்டில் ராத்திரிக் குளிரில் மெதுவாகத்தான் ஏறும். நாலைந்து நாள் முன்னால் விதைக்க வேண்டும். டிசம்பர் முதல் தேதியே விதைத்தால் கிறிஸ்மஸ் அன்று பழுத்த புல்தான் குடிலில் இருக்கும். இதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். நவம்பரிலேயே ஸ்டார் போட்டு அவர்களுக்கு உண்டாக்க நினைக்கும் ஆவலை இந்தத் தட்டு தானாக உண்டாக்கும்.

சுரூபங்களில் மரியும் சூசையும் மேய்ப்பர்களும் நான்காம் ஞாயிறுக்குள் வரலாம். பாலன் இயேசு மட்டும் 24ஆம் தேதி நள்ளிரவுப் பூசை முடிந்து வந்த பிறகுதான். மூன்று ராஜாக்களை எங்கள் வீட்டில் ஷோகேஸ் பக்கமாகத் தூரத்தில் வைத்து, நாளுக்குக் கொஞ்சம் நகர்த்துவோம். அவர்கள் வந்து சேர்வது ஜனவரி 6, திருக்காட்சித் திருநாளுக்குத்தான். வீட்டில் சின்னப்பிள்ளை இருந்தால் ஒட்டகம் அடிக்கடி காணாமல் போகும், அதற்கும் தயாராக இருங்கள். அரிசிபாளையம் குழந்தை இயேசு பேராலயத்துக் குடிலை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து உங்கள் குடிலை மாற்றிக் கட்ட ஆசைப்படாதீர்கள். வீட்டுக்குக் கால் மேஜை அளவு போதும்.

மரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் மரம் என்றால் மூன்றாம் ஞாயிறு. சவுக்குக் கொப்பு வெட்டி வைப்பதானால் ஈர மணலில் நட்டாலும் ஒரு வாரத்துக்கு மேல் பச்சை நிற்காது, 20க்கு முன்னால் வேண்டாம். ஏற்காட்டு நர்சரிகளில் தொட்டியில் கிடைக்கும் ‘கிறிஸ்மஸ் ட்ரீ’ நார்ஃபோக் தீவைச் சேர்ந்த அரௌகேரியா இனம். பைன் மரமே இல்லை, ஆனாலும் அழகு; ஒரு தடவை வாங்கினால் வருஷா வருஷம் வாசலிலிருந்து உள்ளே தூக்கி வைக்கலாம். கிளைகளில் பஞ்சை ஒட்டிப் பனி காட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. சேலத்து வெயிலில் அது பொருந்தவும் இல்லை, மெழுகுவர்த்தி பக்கம் இருந்தால் ஆபத்தும் கூட.

பலகாரத்தை இரண்டு நாளாகப் பிரியுங்கள். முறுக்கு, கல்கல் 19, 20இல் சுட்டால் கெடாது. அதிரசத்துக்குப் பாகு கிளறிய மாவு இரண்டு நாளாவது இருக்க வேண்டும். மழை நாளில் அரிசி சரியாக உலராது என்பதால் 18ஆம் தேதியே மாவைப் பிடித்துவிடுங்கள். அச்சு முறுக்குக்குப் புது அச்சு வாங்கியிருந்தால் இரண்டு மூன்று நாள் எண்ணெயில் போட்டுப் பழக்குங்கள். சுடும்போது அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகச் சூடேற வேண்டும், மாவில் முக்கால் உயரம்தான் முக்க வேண்டும். விளிம்புக்கு மேல் மாவு ஏறினால் அச்சை விட்டு இறங்காது, நீங்கள் உலுக்குவதை மாமியார் பார்த்துக்கொண்டிருப்பார். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் தட்டுகளை எண்ணிக்கொண்டு சுடுங்கள். தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு வந்த தட்டுகள்தான் அந்தக் கணக்கு. கேஸ் சிலிண்டரை டிசம்பர் முதல் வாரத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். கறிக்கடையில் 22க்குள் எத்தனை கிலோ என்று சொல்லி வையுங்கள்.

24ஆம் தேதிக்கு எந்த வேலையும் மிச்சம் வைக்காதீர்கள். ஆர்.சி. வீட்டில் ராத்திரி பூசைக்குப் போய்த் திரும்பும்போது ஒன்றரை மணி ஆகும். சி.எஸ்.ஐ. சொந்தங்கள் இருந்தால் அவர்கள் விடியற்காலை ஆராதனைக்கு நாலு மணிக்கே எழுந்து குளிப்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு, வெந்நீர் அடுப்பு அணையவே அணையாது. அதனால் காலைப் பலகாரத்துக்கு இட்லி மாவு முந்தின நாளே அரைத்து இருக்கட்டும். பிரியாணிக்கு வெங்காயம் உரித்து நறுக்கி வைத்துவிட்டுப் பூசைக்குக் கிளம்புங்கள்.

இறக்குவது எப்போது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 26ஆம் தேதியே கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது மனசு ஒப்பாது. கிறிஸ்மஸ் காலமே 25ஆம் தேதிதான் ஆரம்பிக்கிறது. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் எல்லாம் இருக்கட்டும். ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரைக்கும் வைத்திருந்தாலும் தப்பில்லை. போகிக்கு முன்னால் கழற்றிவிடுங்கள். சீரியல் லைட்டை அட்டையில் சுற்றி, எரியாத செட்டை அப்போதே தூக்கிப் போட்டுவிடுங்கள். வைக்கோலை மாடு வைத்திருப்பவருக்குக் கொடுக்கலாம், கேழ்வரகுப் புல்லை ஆடு தின்னும். பிளாஸ்டிக் ஸ்டாரை மட்டும் போகி நெருப்பில் போட வேண்டாம்.